விளக்கு மட்டும் எரிந்தது

கேபிள் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. வெளியே பார்க்க எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோலத்தான் இருக்கும். உள்ளே தகவல் போகிற கம்பி ஓடுகிறதா, மின்சாரக் கம்பி மட்டும் ஓடுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. மலிவாகக் கிடைக்கிற சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் போகும். அப்படி ஒன்றைக் கொண்டு ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகினால் விளக்கு எரியும், உள்ளே சுழல்கிற ரீங்காரம் கேட்கும், தொட்டால் வெதுவெதுப்பாகக்கூட இருக்கும். கம்ப்யூட்டருக்கு மட்டும் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்திருப்பதே தெரியாது.

விவரம் தெரிந்தவர்களும் இதில் ஏமாந்துபோவார்கள். விளக்குத்தான் எரிகிறதே, கேபிளில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று டிஸ்க்கைப் போட்டுத் திட்டுவார்கள். நான் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் எனக்கு டாக்டரம்மா என்று பெயர். படித்து வாங்கிய பட்டமில்லை. யாருடைய கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அது எழுந்து உட்கார்ந்ததும் என்னை மறந்துவிடுவார்கள். வீட்டிலும் அதே கதைதான் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அம்மா எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நான் பெரியவளே, தங்கை சின்னவளே. சின்னவள் கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போனாள். குழந்தைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறாள். நல்ல பெண், மிஷின் என்றால் மட்டும் நடுக்கம். திரையில் எது வந்து என்ன கேட்டாலும் படிக்காமல் 'சரி'யை அழுத்திவிட்டு, அப்புறம் எனக்குப் போன் போட்டு அழுகிற ரகம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று எல்லாரும் பேசி முடித்தபோது, அந்த ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போனது. மிஞ்சியது இரண்டே சொல். ஒன்று 'தண்ணி'. இன்னொன்று 'சின்னவளே'.

மூளையில் எது தங்கும், எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. குளிப்பாட்டினேன், தலை வாரினேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தேன், சாப்பாட்டைக் கரைத்து ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் அம்மா என் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, "சின்னவளே" என்றாள். விடுமுறைக்கு சின்னவள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து கையைத் தடவும்போதும் அதையேதான் சொன்னாள். அப்போது அது சரியாகப் பொருந்தியது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

படுக்கை நனைவதுதான் பெரிய தொல்லை. விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி துவைத்து, என் கைவிரல்கள் வெந்ததுபோல ஆகிவிட்டன. அதனால் பொழுது சாய்ந்த பிறகு தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் குறைத்திருப்பார்கள்.

சின்னவளுக்கு ஒரு பழக்கம். வரும்போதெல்லாம் தன் போனை அம்மாவின் அறை அலமாரியில் சாய்த்துவைத்து வீடியோவை ஓடவிட்டுவிடுவாள். யாரையும் சிரிக்கச் சொல்ல மாட்டாள், எதையும் பேசச் சொல்ல மாட்டாள். "சும்மா இருக்கறப்ப எப்படி இருந்தாங்களோ அப்படியே வேணும், அக்கா" என்பாள். ஓடவிட்டதை மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவாள், குளிக்கப் போய்விடுவாள். பிறகு எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவாள். எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அம்மா போனபின் பார்க்கத் தைரியம் வரவில்லை என்றாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அம்மா இறந்து வருஷம் திரும்பியதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"ஒரு காப்பி போட்டுக் குடு அக்கா. உனக்கும் ஒண்ணு வச்சுக்கோ. எனக்கு அம்மா சின்னவளேன்னு கூப்பிடறத ஒரு தடவ கேட்டாப் போதும். அவங்க குரலே மறந்துபோயிடுமோன்னு பயமா இருக்கு."

நான் அதை வீட்டில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன்.

ஒரு வீடியோவில் சின்னவள் கடைக்குப் போயிருக்கிறாள். அறையில் அம்மாவும் நானும். அம்மா தண்ணி என்கிறாள். நான் டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். இடது பக்கம். அம்மாவின் இடது கை வராது என்று முன்பே சொன்னேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்கிறேன். என் குரல் அதில் தெளிவாக இருக்கிறது. கோபமே இல்லை, குழந்தைக்குப் பாடம் சொல்கிற குரல்.

"பெரியவளேன்னு கூப்பிடு. தரேன்."

அம்மா சின்னவளே என்கிறாள். நான் காத்திருக்கிறேன். அம்மா வலது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டிப் பார்க்கிறாள். எட்டவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து டம்ளரை வலது பக்கம் மாற்றி வைக்கிறேன். சின்னவள் பையோடு உள்ளே வருகிறாள். "தண்ணி வச்சுக் குடுத்திருக்கியா? என் தங்கம்" என்று என் கன்னத்தைக் கிள்ளுகிறாள்.

அது பேச்சுப் பயிற்சி. டாக்டரே அம்மாவைப் பேசவைக்க முயற்சி பண்ணச் சொல்லியிருந்தார்.

அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மற்றதைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். மற்ற வீடியோக்களையும் ஓட்டிப் பார்த்தேன். எதைத் திறந்தாலும் சின்னவளே, சின்னவளே. நான் ஒரு கையாக வருகிறேன், கரண்டியோடு. ஒரு முதுகாக வருகிறேன், விரிப்பை உருவிக்கொண்டு. என் முகம் எதிலும் சரியாக விழவில்லை. இத்தனை காலம் அந்த அறையில் கிடந்து செத்தவள் நான், இதைப் பார்க்கிறவர்களுக்கு வேலைக்காரி ஒருத்தி வந்து போனாள் என்றுதான் தோன்றும். சின்னவள் இதைப் பேரன் பேத்தி வரைக்கும் காட்டுவாள். அது நியாயமாகப் படவில்லை.

காப்பி அப்புறம் போட்டுக்கொள்ளலாம், முதலில் நீ பார் என்று டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் கேபிளை என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டேன். பதிலுக்கு ஒரு பழைய சார்ஜர் கேபிளைச் சுற்றி வைத்தேன். அந்த டிஸ்க்கின் அகலமான வாயில் ஒரு பாதியில் அதன் முனையும் கச்சிதமாக உட்காரும். கேபிளின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை சின்னவள். கொஞ்ச நாள் போராடிவிட்டுப் பெட்டியில் போட்டு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அன்றைக்கே போன் வந்தது. விளக்கு எரிகிறது, திரையில் வரவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். வேறு துளையில் சொருகச் சொன்னேன். வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியான ஆலோசனை, சரியான வரிசை. அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னேன். நடுவில் தங்கை வீட்டுக்காரர் போனை வாங்கி, "கேபிள மாத்திப் பாக்கலாமா, அண்ணி?" என்றார்.

"விளக்கு எரியுதில்ல?" என்றேன்.

"எரியுது."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் கேட்டது வெறும் கேள்விதான், அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. இதையெல்லாம் மீட்டுத் தருகிற கடை ஒன்றை விசாரித்துவைத்துவிட்டார். கடைக்காரன் செய்கிற முதல் வேலை கேபிளை மாற்றுவதுதான் என்று எனக்குத் தெரியும். "அம்மா கெடந்த கோலத்த ஊரான் பாக்கணுமா? ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வா, நானே பாக்கறேன்" என்று சின்னவளிடம் சொன்னேன். அவள் தேம்பினாள். நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன் அக்கா என்றாள்.

வந்ததும் அவளை முகம் கழுவ அனுப்பிவிட்டு, டிராயரிலிருந்து நல்ல கேபிளை எடுத்துச் சொருகினேன். சொருகின மாத்திரத்தில் கம்ப்யூட்டர் டிஸ்க்கை அடையாளம் கண்டுகொண்டது. அம்மாவின் பெயரில் சின்னவள் போட்டுவைத்த மஞ்சள் ஃபோல்டர் வந்து நின்றது. நான் அதை மூடிவிட்டு, டிஸ்க்கை மொத்தமாகத் துடைக்கிற சாளரத்தைத் திறந்தேன். மேலோட்டமாகத் துடைத்தால் விவரமானவர்கள் மீட்டெடுத்துவிடுவார்கள். ஓரம் விடாமல் துடைக்க, 'வேகமாகத் துடை' என்பதன் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்ன டிக்கை நீக்கினால் போதும். நீக்கினேன். அவள் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டு வந்தாள்.

"எல்லாம் தயாரா வச்சிருக்கேன். உன் கைராசிக்கு நீயே ஆரம்பிச்சு வை" என்று அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அழுத்த வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டு சமையலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, என்னமோ எச்சரிக்கை மாதிரி வருது. சரின்னு குடுத்துடவா?"

எனக்குக் கேட்டது. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காமலும் இருந்திருக்கலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவளே சரி கொடுத்தாள்.

டீயோடு வந்தபோது திரையில் பச்சைக் கோடு நகர ஆரம்பித்திருந்தது. "வேலை நடக்குதா?" என்றாள். நடக்குது என்றேன். மத்தியானம் முழுக்க நாங்கள் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் கோபத்தைப் பற்றி, அப்பாவைப் பெயர் சொல்லாமல் கூப்பிட அம்மா பட்ட பாட்டைப் பற்றிப் பேசிச் சிரித்தோம். அம்மா போனபிறகு சின்னவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். கோடு பாதியைத் தாண்டியதும் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மா வந்துட்டே இருக்காங்க" என்றாள். நான் அவள் தலையைக் கோதிவிட்டேன். எனக்கும் தங்கைக்கும் இடையில் அப்படி ஒரு மத்தியானம் அதற்கு முன்னால் இருந்ததில்லை. அதற்காகவே இதைச் செய்திருக்கலாம்.

கோடு முடிந்தது. திறந்தாள். ஒன்றுமில்லை.

"ஆரம்பத்துல என்ன கேட்டுச்சு?" என்றேன். "படிச்சுத்தானே சரி குடுத்த?"

அவள் அழவில்லை. தன் வலது கை விரலையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அழுத்தினேன், நான்தான் அழுத்தினேன் என்று அவள் முனகியதைத் திருத்த எனக்கு வழி இல்லை. அது உண்மை.

இப்போது வாரந்தவறாமல் வருகிறாள். துணி துவைத்துப்போடுகிறாள், என் காலைக்கூடப் பிடித்துவிடுகிறாள். படம் வரையச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டாளாம், பென்சிலைப் பிடித்தால் விரல் நடுங்குகிறதாம். என்னை மன்னிச்சிட்டியா அக்கா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். அம்மாவைத் தொலைத்ததற்காக நான் அவளை மனதார மன்னித்துவிட்டேன்.

மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. கடைசி நாளன்றும் டம்ளர் இடப் பக்கம்தான் இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். கேட்டது ஒரே ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் குடம் குடமாகக் கொடுத்திருப்பேன். எங்கள் குடும்பத்துக்கே பிடிவாதம் ஜாஸ்தி. விடிந்தபோது அம்மா இல்லை, டம்ளர் நிரம்பியபடியே இருந்தது. எனக்குத் தாகமாக இருந்ததால் அதை எடுத்துக் குடித்தேன். உடம்பில் நீர் வற்றிப்போயிருக்கிறது, இந்த வயதில் சகஜம்தான் என்று டாக்டர் சொன்னார்.

ஒருநாள் சின்னவள் என் காலைப் பிடித்துவிட்டபடி, "அம்மா கடைசியா என்னக்கா சொன்னாங்க?" என்றாள்.

"பெரியவளேன்னு கூப்பிட்டாங்க. தண்ணி போதும்னாங்க."

அவள் அப்படியே என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஒவ்வொரு முறை வரும்போதும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள், நானும் சலிக்காமல் சொல்கிறேன். அம்மாவின் குரல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவளிடம் கேட்டேன். இல்லை என்றாள். எனக்கு இருக்கிறது. பெரியவளே என்று அம்மா கூப்பிடுவது இப்போதெல்லாம் எனக்குத் தெளிவாகவே கேட்கிறது.