பெயர் இல்லாத கார்

மத்தியானம் மூன்று மணி. பந்திங் ஊரைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்பாதை... ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை. ரெங்கசாமியின் அக்கா புருஷன் தனியாகக் காரில் போனார். ரெங்கசாமி இதோ நம் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், பொய்யென்றால் சொல்லட்டும்.

அந்த ஆளுக்கு வாய்க்கொழுப்பு. நூறு வருஷத்துப் பழைய கார்களை அடையாளம் சொல்லத் தன்னை விட்டால் ஆளில்லை என்ற திமிர். பானெட் சரிந்து, ரேடியேட்டர் இன்ஜினுக்குப் பின்னால் இருந்தால் ரெனோ. ரேடியேட்டர் வட்டமாக இருந்தால் டெலானே. வருஷத்தோடு சொல்லிவிட்டு, யோசித்துக்கொண்டிருப்பவனைப் புழுவைப் பார்ப்பது போல் பார்ப்பார். தெரியாது என்று மட்டும் அந்த வாய் சொன்னதே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பத்துப் பேர் முன்னால் சவால் வேறு: புஷ்பவல்லி என்பவள் வீட்டுக் கொட்டகையில் கிடக்கும் காரைச் சொல்ல முடியாவிட்டால், இனி கார் பற்றி வாயே திறக்க மாட்டாராம்.

கொட்டகையில் மண்ணெண்ணெய் வாடை. பித்தளை விளக்கு, மரச் சக்கரம். ரேடியேட்டரில் முத்திரை இல்லை. சக்கர மூடியில் எழுத்து இல்லை. அடியில் படுத்து டார்ச் அடித்தார்... சட்டத்தில் எண்ணும் இல்லை. வியர்த்துவிட்டது. பத்துப் பேர் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது.

புஷ்பவல்லி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க அண்ணே. பொய்ப் பேரு வெச்சா அதுக்குப் புடிக்காது லா."

இவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு பார்வை பார்த்தார். "ரெனோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு," என்றார். ரேடியேட்டர் கண்ணெதிரே முன்னால் நிற்கிறது. வெட்கங்கெட்ட பொய்.

கடக்... ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. இன்ஜின் ஓடவில்லை. ஆனால் தொட்டால் பானெட் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடையில் பெருமையடித்துக் கைதட்டல் வாங்கினார். திங்கட்கிழமை பேங்கில் படிவம் நிரப்ப உட்கார்ந்தவர், முதல் கட்டத்தில் பேனாவை வைத்தபடி அரை மணி நேரம் அப்படியே இருந்தாராம். அதன் பிறகு வீட்டை விட்டு வெளியே வருவதில்லை.

"ஆளு பேரு என்ன?" என்று மேசைக்கு எதிரே இருந்த காதர் கேட்டான்.

எல்லோரும் ரெங்கசாமியைப் பார்த்தார்கள். வாயைத் திறந்தான்... மூடினான். இருபது வருஷ உறவு. பெயர் வரவில்லை. அக்காவுக்குப் போன் போட்டான். அவள் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். இரு, அவர் ஐசி அடையாள அட்டையைப் பார்த்துப் படிக்கிறேன் என்றாள். அலமாரி திறக்கும் சத்தம்... பிறகு அட்டையை விரலால் தேய்க்கும் சத்தம்.

"படம் இருக்குடா... நம்பர் இருக்கு. அட்ரஸ் இருக்கு. அவ்ளோதான் இருக்கு."