பெஞ்சில் கிடந்த வீல் கப்

கை தட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்... முதல்ல ஒரு சின்னச் சம்பவத்தைக் கேளுங்க.

கொல்லிமலை அடிவாரத்துல பெரியண்ணன்னு ஒரு மெக்கானிக். வாடகை வண்டி ஓட்டுற ஜமால் பாய் அவர்கிட்ட வண்டிய விட்டு, நாலு சக்கரத்தையும் கழட்டி பிரேக் பாக்கச் சொல்லி, வேலை முடிஞ்சதும் காலையில சவாரிக்குக் கிளம்பிட்டாரு. குழந்தைக்கு மொட்டை போட மலைக் கோயிலுக்குப் போற குடும்பம். வண்டியில எட்டு பேரு!

பெரியண்ணனுக்கு ஒரு பழக்கம். சக்கரத்தை மாட்டி, நட்டைக் கையால சுத்தி விடுவாரு. வண்டிய ஜாக்கியிலிருந்து இறக்குன பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்குவாரு. இறுக்கி முடிச்சாத்தான் மேல, நட்டை மூடுற வீல் கப். இறுக்காம கப் போடவே மாட்டாரு.

வண்டி போயி அரை மணி நேரம். டீ கிளாஸை வைக்கப் போறாரு... பெஞ்சு மேல ஒரு வீல் கப் கிடக்கு!

அப்படின்னா என்ன அர்த்தம்? ஒரு சக்கரத்துல நட்டு இறுக்கல!

போன் அடிக்கிறாரு. பாய் எடுக்கல. எப்படி எடுப்பாரு? "மலை ஏறும்போது போனைத் தொடாதீங்க பாய்"னு சொன்னதே இவருதானே! கப்பையும் ஸ்பேனரையும் தூக்கிட்டு, ஓட்டை மொபெட்டுல மலை ஏறுனாரு. ஒவ்வொரு வளைவுலயும் கீழ பள்ளத்தை எட்டிப் பாக்குறாரு...

பதினாலாவது வளைவு. குழந்தை வாந்தி எடுத்துச்சுன்னு வண்டி ஓரமா நிக்குது!

பாய் சிரிக்கிறாரு. "அட, ஒரு கப்புக்காகவா இம்புட்டு தூரம் வந்தே? மனுசன்யா நீ!" வண்டியில இருந்தவங்களும், "தங்கமான ஆளுங்க"ங்குறாங்க.

யோசிச்சுப் பாருங்க. "ஆமா பாய்"னு சொல்லிட்டு, கமுக்கமா இறுக்கிட்டு, கப்பை மாட்டிட்டு வந்திருக்கலாமா இல்லையா? பாராட்டும் கிடைச்சாச்சு! யாருக்குத் தெரியப் போகுது?

"இல்ல பாய்... நட்டு இறுக்க மறந்துட்டேன். என் தப்பு."

குனிஞ்சு, விரலால ஒரு நட்டைச் சுத்திக் காட்டுனாரு. சுத்துச்சு! குழந்தையோட அப்பா பாய்ஞ்சு சட்டையைப் பிடிச்சாரு. "உன்னை நம்பித்தானேய்யா புள்ளகுட்டியோட வந்தோம்!" பெரியண்ணன் கையைத் தட்டி விடல. கண்ணுல தண்ணி. "அடிச்சுக்குங்க சார். முதல்ல நட்டை இறுக்கிட்டு வந்து நிக்கிறேன்."

நாலு சக்கரத்தையும் மறுபடி இறுக்குனாரு. அப்புறம் ஜமால் பாய் அந்த அப்பாவைப் பாத்துச் சொன்னாரு: "சார், முப்பது வருசமா ஓட்டுறேன். தப்பு பண்ணுன மெக்கானிக் நெறைய பேரைப் பாத்திருக்கேன். அதை வாயால சொல்ல மலையேறி வந்தவரை இன்னிக்குத்தான் பாக்குறேன். இனிமே என் வண்டிய வேற எவனும் தொடக்கூடாது."

எனக்கு இதைச் சொல்லும்போதே புல்லரிக்குதுங்க! ஓடிப்போய்க் காப்பாத்துறது பெரிசுதான். ஆனா ஊரே பாராட்டுற நேரத்துல, "என் தப்பு"ன்னு சொன்னாரே... அந்த தைரியம் எங்கிருந்து வந்துச்சு?

இங்க டாக்டர் இருக்கீங்க, வாத்தியார் இருக்கீங்க, பெத்தவங்க இருக்கீங்க. தப்பு எல்லாருக்கும் நடக்கும். அதை மூடி மறைக்க, ஆளுக்கொரு கப் நம்ம கையில தயாரா இருக்கு. அதை மாட்டுறதுக்கு முன்னாடி... உள்ள நட்டு இறுக்கியாச்சான்னு மட்டும் பாத்துக்குங்க. நம்மள நம்பி வண்டியில புள்ளைங்க உக்காந்திருக்கு.