வேர்க்காமல் வளர்ந்த பிள்ளை

— ஒலிம்பிக்குக்கா கூப்பிடறேன் காத்தாயி? தினம் சாயங்காலம் அரை மணி நேரம் ஓடணும், அவ்வளவுதான். பி.டி. டீச்சர் நானே கூட நிக்கப் போறேன். அதுக்குப் போயி முடியாதுங்கறீங்களே.

— முடியாதுங்க டீச்சர். எம்மவ ஓடமாட்டா. மொதல்ல நீங்க உக்காருங்க, வாசல்லயே நிக்கிறீங்க. காப்பி வேணாம்னா ஒரு கலர் சோடாவாவது வாங்கியாரச் சொல்றேன்.

— ஒண்ணும் வேணாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தேன். நான் சொல்றதை முழுசா கேளுங்க. நேத்து பிரேயர்ல நின்னுட்டு இருந்தவ அப்படியே மயங்கி விழுந்தா. நீடாமங்கலத்துக்கு டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனது நான்தான்.

— அது வெயிலுங்க. வெறும் வயிறு.

— வெறும் வயிறா? பதினாலு வயசுல எண்பது கிலோவுக்கு மேல இருக்கா உங்க செங்கொடி! ரத்தத்துல சர்க்கரை ஏறிட்டு இருக்கு, பிரஷரும் இருக்கு. இப்படியே உக்காந்திருந்தா கல்யாண வயசுக்குள்ள கிட்னி போயிடும்னார் டாக்டர். நேத்தே சொன்னேனே, காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சுங்க. அதுலேருந்து வேற எதுவும் விழல.

— அப்புறம் ஏன் இப்படி அடம் புடிக்கிறீங்க?

— அடம் இல்லீங்க டீச்சர். எங்கம்மா என்னைய ஆறு வயசுல நாத்துப் பறிக்க எறக்கி விட்டுச்சு. அன்னைக்குக் குனிஞ்சவ நானு. செங்கொடி வயித்துல இருந்தப்பவும் குனிஞ்சுதான் நட்டேன். வயல்லயே வலி எடுத்துடுச்சு. வரப்புல போட்டுத்தான் புள்ளைய எடுத்தாளுவ. அது யாரு வயலுன்னு ஒங்களுக்கே தெரியும்.

— தெரியும். எங்க மாமனார் வயல்தான். அதுக்கு இப்ப என்ன?

— கூலிச் சண்டைக்குப் போயிட்டு வந்து அவங்கப்பா செங்கொடின்னு பேரு வெச்சாரு. நான் அது மூஞ்சியப் பாத்துச் சொன்னேன், நீ குனியவே கூடாதுடி, ஒரு சொட்டு வேர்வை ஒன் ஒடம்புலேருந்து விழக்கூடாதுன்னு. இன்னி வரைக்கும் ஒரு கொடம் தண்ணி தூக்க வுட்டதில்ல. தின்ன தட்டைக்கூட நான்தான் கழுவுறேன். பள்ளிக்கூடம் அந்தா தெரியுது, அதுக்கும் ஆட்டோ வெச்சிருக்கேன்.

— அதுதான் வினையா முடிஞ்சிருக்கு.

— ஒங்களுக்கு வினை. எங்க தெருவுல என்ன சொன்னாங்க தெரியுமா? காத்தாயி மவ ஆண்டை வீட்டுப் புள்ளையாட்டம் தளதளன்னு இருக்கான்னாங்க. அந்தச் சொல்லுக்காவவே இன்னும் ரெண்டு கரண்டி அள்ளி வெச்சேன். சர்க்கார் டிவி குடுத்துச்சு, ஒரு ரூவாய்க்கு அரிசி குடுத்துச்சு. நீ உக்காந்து பாரு, உக்காந்து தின்னு, அம்மா இருக்கேன்னேன். எனக்கு எலும்ப எண்ணலாம், அவளுக்குச் சதை. அதைப் பாக்கப் பாக்க எனக்கு வயிறு நெறஞ்சு போவும். இப்ப அந்தச் சதைதான் அவளைத் தின்னப் போவுதுங்கறீங்க.

— தின்னாது. அதுக்குத்தானே ஓடணுங்கறேன். இந்த வயசுல உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். தினம் வேர்க்க விட்டா போதும், மருந்தே வேண்டியிருக்காதுன்னு டாக்டரே சொன்னார்.

— சரிங்க. ஓடட்டும். நான் சொன்ன சொல்லு மண்ணாப் போவட்டும், புள்ள பொழைச்சா சரி. எங்க ஓடுவா?

— மத்த புள்ளைங்க மாதிரி ரோட்டுலதான். மேலத்தெரு வழியா பிள்ளையார் கோயில் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்.

— ஏன், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி அவ்ளோ பெரிய தெடலு கெடக்கே?

— தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்க. அதுதான் பூட்டிக் கெடக்கே.

— பூட்டுனது யாருங்க? புறம்போக்குன்னு சொல்லி எங்களுக்கு மனைப்பட்டா எழுதுனாங்க. தன் பாட்டன் நெலம்னு ஒங்க மாமனாரு கேஸு போட்டாரு. அடிதடியில எங்க வீட்டுக்காரரு காலு ஒடஞ்சுது. தாசில்தார் முள்ளுக்கம்பி கட்டிட்டுப் போனாரு. வூடும் வரல. ரெண்டு தெருப் புள்ளைங்களும் பந்து வெளையாடுன எடமும் போச்சு.

— கேஸ் போட்டது நானா? வீட்டுல என் பேச்சு எடுபடுமா?

— ஒங்களைச் சொல்லல. மேலத்தெருங்கறீங்களே, போன மாசம் எங்க தெரு மருதையன் மவன் நீங்க கூட்டிட்டுப் போன புள்ளைங்களோட அங்க ஓடி வந்தானே, என்னாச்சு?

— அவனை அடிச்ச எங்க தெருப் பசங்க குடிச்சிருந்தானுங்க...

— மண்டையில தையல் போட்டுக்கிட்டு வந்தான். எங்க புள்ள காலு ஒங்க தெருவுல ஓடக்கூடாதாம். என் மவளுக்கு ஓடித் தப்பிக்கக்கூட தெரியாது டீச்சர். மூச்சு வாங்கி அங்கயே நிப்பா.

— ஆத்தங்கரை?

— மணல் லாரி பறக்குது. அந்தக் கரையில ஆம்பளையே நடக்குறதில்ல.

— வீட்டுக்குள்ளயாவது கையைக் காலை அசைச்சு...

— திரும்புனா செவுரு. இதுக்குள்ள மூணு பேரு. ஓடுன்னு டாக்டரு சொல்லிட்டாரு, எங்கன்னு சொல்லலையே! எம்புள்ள செத்துப் போயிடுமா டீச்சர்? நெசத்தைச் சொல்லுங்க.

— அழாத காத்தாயி. எனக்கு ஒண்ணு தோணுது, நீ தப்பா எடுத்துக்காத. எங்க வீட்டுல எடம் கெடக்கு. பெரிய முற்றம், நெல் காய வைக்கிற களம், மாட்டுக் கொட்டாய். காலையில அவளை அங்க அனுப்பி வை.

— ஒங்க வூட்டுல வந்து ஓடச் சொல்றீங்களா? விடுவாங்களா?

— ஓடினா மாமியார் என்னன்னு கேப்பாங்க. வேலைக்காரி வேற நின்னுட்டா. களத்தைக் கூட்டட்டும், கொட்டாயைக் கழுவி விடட்டும், தண்ணி எறைக்கட்டும். குனிஞ்சு நிமிர்றதை விட பெரிய எக்சர்சைஸ் ஏது? ரெண்டு மூணு மாசத்துல உடம்பு எறங்கிடும். அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்.

— டீச்சர்... நீங்களா இதைச் சொல்றீங்க?

— வேற வழி இருந்தா நீயே சொல்லு.

— இல்லீங்க. ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு அந்த வரப்புலயே அவளைப் போட்டுட்டு வந்திருக்கலாம்.

— அம்மா, அழுவாத. நான் டீச்சர் வூட்டுக்குப் போறேன்.

— நீ உள்ள போடி செங்கொடி! ஒன்னைய யாரு கேட்டா?

— எனக்குச் சாவப் பயமா இருக்கும்மா. நேத்து கண்ணு இருட்டிக்கிட்டு வந்தப்ப, இனிமே ஒன்னப் பாக்கவே மாட்டேன்னு நெனச்சேன்.

— ஒனக்கு ஒண்ணும் தெரியாதுடி. நான் ஒண்ணையும் ஒங்கிட்ட சொன்னதில்ல. அந்த வூட்டுல என்ன நடக்கும்னு ஒனக்கு என்ன தெரியும்?

— காலையில எத்தனை மணிக்கு வரணும் டீச்சர்? கொல்லை வாசல் வழியாத்தானே?