கீழே வைத்த காப்பி

காப்பி நல்லாத்தான் இருக்கு, உம்மு நவ்வாஃப். ஏலக்காய் வாசனை வாசல்லயே வந்துச்சே. குடிக்கிறேன், கொஞ்சம் பேசிட்டு.

ஐயோ, அந்த விதியா? அது மொத நாள் கூத்து. போற வீட்ல எதையும் வாங்கிக் குடிக்காதேன்னு யுனிவர்சிட்டில சொல்லி அனுப்பினாங்க, நானும் கோப்பையத் தொடாம கீழ வச்சேன். கேட்டு வந்தது கிடைக்கிற வரைக்கும் விருந்தாளி காப்பியத் தொடமாட்டான்னு இர்பித் ஊர்ல பொறந்த எனக்குத் தெரியாதா? படிச்சுப் படிச்சு மறந்துட்டேன். உங்க மாமியார், உங்க நாத்தனாரப் பொண்ணு கேக்க வந்திருக்கேன்னு நெனச்சு, பையன் எப்படிம்மான்னாங்க. நான் உங்க நவ்வாஃபத்தான் கேக்கறாங்கன்னு, ரெண்டு வயசாகியும் நிக்கல, ஆனா சிரிப்பு அழகுன்னேன். அவங்க மூஞ்சியப் பாக்கணுமே!

தூங்குறானா? எழுப்பாதீங்க, பாவம்.

போன செவ்வாய் கவனிச்சேன். கரண்டிய அவன் முன்னால வச்சிட்டு, ஊட்டாம, சும்மா காத்துக்கிட்டு இருந்தீங்க. அவனே கைய நீட்டினான். அது நான் சொல்லிக்குடுத்தது இல்ல, நீங்களாக் கண்டுபிடிச்சது. எங்க படிப்பே அதுதான். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்கு வாத்தியாரம்மாவா இருக்காதே, அவன் அம்மாவுக்குத் துணையா நில்லு. அந்த வீட்டுக்கு இனி நீ தேவையே இல்லன்னு ஆயிட்டா நீ பாஸ். இதத்தான் ஆய்வேட்டுல அத்தியாயம் அத்தியாயமா, அடிக்குறிப்போட எழுதினேன். ஒரு காற்புள்ளிக்காக எங்க பேராசிரியர் டாக்டர் இன்ஷிராஹ்கூடச் சண்டை வேற. நான்தான் ஜெயிச்சேன்.

பட்டமா? அது கிடக்கட்டும் விடுங்க.

இர்பித்துலயா? அம்மா போனதும் வீட்டப் பூட்டியாச்சு. இங்க கரக்லயே ஒரு ரூம். சன்னல்லேர்ந்து கோட்டை தெரியும். ஒரு கோட்டைய எவ்வளவு நேரம்தான் பாக்கறது? வீட்டுக்காரம்மா என்னை ஆசிரியைங்கறாங்க, ரொட்டிக்கடைக்காரர் தங்கச்சிங்கறார். சுலாஃபாங்கற பேரு யாருக்கும் ஞாபகமில்ல. உங்க மகன்தான் ஸூ ஸூன்னு பாதிப் பேராவது சொல்றான்.

இல்ல இல்ல, வேற காப்பி வேண்டாம். ஆறினது ஆறட்டும். அன்னிக்குத் தெரியாம வச்சேன். இன்னிக்குத் தெரிஞ்சேதான் வச்சிருக்கேன்.

சிரிக்காதீங்க. பொண்ணு கேக்க எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல, உங்க நாத்தனாரும் வேண்டாம். வர்ற செவ்வாயும் வரட்டுமா? பொம்மைப் பை இல்லாம, சும்மா.

இல்ல, பாடத்துக்காக இல்ல. படிப்பு நோன்புக்கு முன்னாடியே முடிஞ்சுது. அதுக்கப்புறம் என்னை இங்க யாரும் அனுப்பலக்கா.