அமாரந்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்

மார்ச் மாதம். மாலை ஆறே கால் மணி. தீவுக்குப் போகும் ஒரே சாலை... அதன் நடுவில் கடல்.

நமக்குத் தெரிந்த சாலைதான். பௌர்ணமி சமயத்தில் கடல் ஏறினால் முக்கால் மணி நேரம் மூழ்கிக் கிடக்கும். தண்ணீர் வடியட்டும் என்று ஓவிய வியாபாரி ரூபர்ட் வேனை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை. காற்று இல்லை. சேற்றில் குமிழிகள் வெடிக்கும் சத்தம் மட்டும்...

அப்புறம், வேனுக்குள்ளிருந்து இன்னொரு சத்தம்.

பட்... பட்... படபட... பட்.

ஈரத் துணி காற்றில் அடித்துக்கொள்வது போல. வேனின் பின்பக்கம் துணி எதுவும் காற்றாடக் கிடக்கவில்லை. போர்வையில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய ஒரே ஒரு ஓவியம் இருந்தது.

"எலி," என்று நான் சொல்லிக்கொண்டிருந்த கதையின் நடுவே புகுந்தான் கஸ். "வேன்ல எலி பூந்துருக்கு. கதை முடிஞ்சுது, எல்லாரும் தூங்கலாம்."

"வாய மூடுடா. அவ பேசறதே வருஷத்துக்கு ஒரு தடவை," என்று ஃப்ளோரா அவனை முழங்கையால் இடித்தாள். "நீ சொல்லுடி."

சொல்கிறேன். ரொவீனா இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். இது அவளுடைய சித்திக்கு நடந்தது. யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள்.

ஹெட்டி சித்தி பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவர். எப்போதாவது ஒரு துளி பெயிண்டை என் லேபுக்கு அனுப்புவார், நான் என்ன பெயிண்ட் என்று பார்த்துச் சொல்வேன். அப்படித்தான் பழக்கம். போன நவம்பரில் ரூபர்ட் ஒரு ஓவியத்தைக் கொண்டுவந்தார். படம் முழுக்க டீ நிறத்தில் வார்னிஷ் கறுத்திருந்தது. இரண்டு பாய்ப் படகுகளின் பந்தயம். முன்னால் போவது அமாரந்த். சட்டத்தில் பித்தளைத் தகடு, 1884 ஆகஸ்ட்.

கஸ் சிரிப்பதை நிறுத்தினான். அமாரந்த் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும்.

படகு ஒரு பிரபுவுடையது. அதில் கயிறு இழுத்தவர்கள் நம் தீவுக்காரர்கள். குளிர்காலத்தில் சிப்பி வாரினார்கள், கோடையில் பெரிய மனிதர்களின் படகுகளில் பந்தயம் ஓடினார்கள். அந்தக் கோடையில் பதினெட்டுப் பேர் போனார்கள். பதினேழு பேர் திரும்பினார்கள். ஏஸா ஹார்வுட் வரவில்லை. பந்தயத்துக்கு முந்தின நாளே படகை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று பிரபுவிடமிருந்து கடிதம் வந்தது. அந்தப் பதினேழு பேரும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சர்ச்சில் கடலில் இறந்துபோனவர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் ஏஸாவின் பெயர் கிடையாது. அந்தக் குடும்பத்தை இன்றைக்கும் 'ஓடிப்போனவன் வீடு' என்றுதான் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஏஸாவின் கொள்ளுப் பேரன் லென், எண்பத்தாறு வயது, மூன்று பாதிரியார்களிடம் போய் நின்றார். அந்தப் பெயரை எழுதுங்கள் என்று கேட்டார். மூவரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். ஆதாரம் வேண்டும்.

ஹெட்டி சித்திக்கு இதெல்லாம் தெரியும்.

வேலையைத் தொடங்கும் முன் சித்தி படத்தை ஒரு போட்டோ எடுத்தார். எப்போதும் செய்வதுதான். பிறகு கரைப்பானில் நனைத்த பஞ்சை உருட்டி உருட்டி, கொஞ்சம் கொஞ்சமாக வார்னிஷை எடுத்தார். நான்காம் நாள் அமாரந்துக்குப் பின்னாலிருந்த தண்ணீர் வெளுத்தது. படகிலிருந்து இரண்டு விரல் தள்ளி... ஒரு தலை. மேலே தூக்கிய ஒரு கை. திறந்த வாய்க்கு ஒரே ஒரு சிவப்புப் புள்ளி.

படகின் மேல்தளத்தில் பதினேழு பேர். சித்தி எண்ணினார். பதினேழு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன்கூடத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பந்தயம் போயிருக்கும்.

சித்தி ரூபர்ட்டுக்கு போன் செய்தார்.

"சாப்பாட்டு ரூம்ல மாட்டப்போற படம் ஹெட்டி. சாப்பிடறப்ப எதுத்தாப்புல ஒருத்தன் முங்கிக்கிட்டு இருந்தா சோறு எறங்குமா? கொஞ்சம் தண்ணி பூசி விட்டுடு."

"அது ஏஸா ஹார்வுடா இருக்கும் ரூபர்ட்."

"யாரா வேணா இருக்கட்டும். செத்து நூத்து நாப்பது வருஷமாச்சு, அவருக்கு இப்ப என்ன அவசரம்? கிட்டக்க போட்டோ எடுத்தியா? அதையும் அழிச்சுடு. வெளிய தெரிஞ்சா படம் விக்காது."

இந்தத் தொழிலில் இது நடப்பதுதான். நாயை மறைப்பார்கள், மேகத்தைக் கூட்டுவார்கள். புது வார்னிஷ் பூசி, அதற்கு மேல் தீட்டினால் எப்போது வேண்டுமானாலும் பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். நான் எதையும் அழிக்கவில்லை, மூடுகிறேன், அவ்வளவுதான் என்று சித்தி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம். சாம்பல் கலந்த பச்சை. பதினோரு தீற்று. கிட்டத்தில் எடுத்த போட்டோவையும் அழித்தார்.

மறுநாள் காலை லென் வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு பை நிறையச் சிப்பி.

"அமாரந்த் உன்கிட்ட வந்திருக்காமே. க்ளப்புல பேசிக்கிட்டாங்க. பாக்கலாமா கண்ணு?"

"வாங்க லென்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படத்தில் படுமளவு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு கயிறு தப்பில்ல. பாய் எப்படி உப்பிருக்கு பாரு. வரைஞ்ச பய அன்னிக்கி அங்கயே நின்னு பாத்திருக்கான்." பிறகு குரல் இறங்கியது. "பாத்தவன் பாத்ததையெல்லாம் போட்டிருப்பான், இல்லம்மா? நீ தொடைக்கறப்போ... தண்ணில ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவருடைய மூக்குக்கும் அந்த இடத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"இல்ல," என்றார் சித்தி.

"ஒண்ணுமே இல்லையா?"

"வெறும் தண்ணிதான் லென்."

லென் தலையை ஆட்டினார். சிரித்தார். "சரி விடு. அப்ப ஓடித்தான் போயிருக்கான் கழுத. இத்தன வருஷம் அவனுக்காக எல்லார்கிட்டயும் சண்ட போட்டுட்டேன் பாரு." சிப்பிப் பையை மேசையில் வைத்தார். "இன்னிக்கே வேகவெச்சுடு. நாளைக்கு நாறிடும்."

சித்தி அதைத் தொடவில்லை. மறுநாள் நாறியது.

ஜனவரியில் லென் இறந்துபோனார். அவருடைய இறுதிச் சடங்கன்று சர்ச்சில் சித்திக்குப் பெயர்ப் பலகைக்கு நேர் எதிரே உட்கார இடம் கிடைத்தது.

இப்போது மார்ச் மாதத்துக்கு வருகிறேன். அன்று தண்ணீர் வடிந்ததும், விற்ற படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு ரூபர்ட் நேராக சித்தியின் பட்டறைக்கு வந்தார். வந்ததும் கத்தினார்.

"பாயத் தொட்டியா நீ?"

"எந்தப் பாய?"

"வாங்கினவரு படகு ஓட்டறவரு. என்ன சொல்றாரு தெரியுமா? 'நான் வாங்குனது ஜெயிக்கற படகு, இது நிக்கற படகு'ங்கறாரு. பணத்தத் திருப்பிக் குடுங்கறாரு. வழி பூரா பின்னாடி வேற ஏதோ அடிச்சுக்கிட்டே வந்துச்சு, எனக்கு உசுரே இல்ல."

போர்வையைப் பிரித்தார்கள்.

நீங்கள் எல்லோரும் பாய் கட்டத் தெரிந்தவர்கள், அதனால் விளக்க வேண்டாம். அமாரந்தின் முன்பாய் எதிர்ப்பக்கமாக உப்பியிருந்தது. பெரிய பாய் தளர்ந்து மடிந்திருந்தது. ஓடுகிற படகை நடுக்கடலில் நிறுத்த வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வோம். பந்தயத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். ஆள் விழுந்தால் செய்வார்கள்.

எதிராளிப் படகு தாண்டிப் போயிருந்தது. பதினேழு பேரும் பின்பக்கக் கம்பியருகே வந்து நின்றிருந்தார்கள். குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் நீளமான கொக்கிக் கழி.

வேலைக்கு முன் எடுத்த போட்டோவையும் அன்றைக்கு எடுத்ததையும் சித்தி எனக்கு அனுப்பினார். நான் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூற்று நாற்பது வருடத்தில் பெயிண்ட் வெடித்து உண்டான விரிசல்கள், இரண்டிலும் ஒரே இடத்தில் ஓடுகின்றன. பாய்க்குக் குறுக்கே, ஆட்களின் முதுகுக்குக் குறுக்கே... ஒரு கோடு பிசகவில்லை. புற ஊதா விளக்கில் புதிதாகத் தீட்டிய இடம் கறுப்பாகத் தெரியும். சித்தி அதிலும் வைத்துப் பார்த்தார். படம் முழுவதிலும் ஒரே ஓர் இடம்தான் கறுப்பு. சித்தி மூடிய இடம். வேறெங்கும் யாரும் தூரிகை வைக்கவில்லை.

எனக்கு அதற்கு மேல் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் பதில் எழுதினேன்.

"அப்புறம்?" என்றாள் ஃப்ளோரா.

ரூபர்ட் படத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். சித்தி அதன் முன்னால் உட்கார்ந்தார். அறையில் ஒரு வாசனை வந்ததாம். தார். ஈரக் கம்பளி. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஏஸாவை எடுக்கத் திரும்பி வந்துவிட்டார்கள். தேடுகிறார்கள். கிடைக்க மாட்டான். ஏனென்றால்...

பஞ்சை எடுத்தார். கரைப்பானில் நனைத்தார். மூடியதை எடுத்து, போட்டோ பிடித்து, லென்னின் மகள் ஜோனிடம் கொடுத்துவிடலாம், பாதிரியாரிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். லென்னுக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பெயராவது பலகையில் ஏறும். உருட்டினார். பச்சை, பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. பதினோரு தீற்றும் வந்துவிட்டது.

அடியில் தண்ணீர்.

தலை இல்லை. கை இல்லை. அந்தச் சிவப்புப் புள்ளி இல்லை. பழைய தண்ணீர், பழைய விரிசல். அங்கே ஒருபோதும் யாரும் இருந்ததில்லை என்பது போல.

சித்தி ஜோனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். ஜோன் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"எங்கப்பா கேட்டப்போ பெயிண்டு ஈரமாவா இருந்துச்சு?"

"ஆமா."

"அப்பவே தொடச்சிருக்கலாம்."

"ஆமா."

"பாதிரியார் படத்தக் காட்டுன்னா நான் இப்ப என்னத்தக் காட்டறது?"

ஜோன் கதவைச் சாத்திக்கொண்டாள். அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாளாம். அதுதான் தாங்கவில்லை என்று சித்தி சொன்னாராம்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. சித்தி இப்போது யாருடைய படத்தையும் வேலைக்கு எடுத்துக்கொள்வதில்லை. போனையும் எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரொவீனா பார்க்கப் போனாள். பட்டறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சித்தியின் குரல்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்... இல்ல, அவ்வளவு தூரம் இல்ல... அங்கதான். அங்கதான் இருந்தார்."

யாருடைய பதிலுக்கோ காத்திருப்பது போல ஒரு இடைவெளி.

"தெரியல. நான்தான் மூடினேன்... போயிடாதீங்க. இன்னும் கொஞ்சம் தேடலாம்."

ரொவீனா கதவைத் தள்ளினாள். சித்தி மட்டும்தான் இருந்தார். எதிரே ஓவியம். பதினேழு பேரும் இப்போது தண்ணீரைப் பார்க்கவில்லை. எள் அளவு முகங்கள், கண்கூட வரையாத முகங்கள்... எல்லாம் படத்துக்கு வெளியே, சித்தியின் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

சித்தி எழுந்து வந்தார். "வந்துட்டியா, வா" என்று ரொவீனாவின் தோளில் கை வைத்தார்.

ரொவீனாவின் தோள் நனைந்தது. சித்தியின் கை, விரலிலிருந்து முழங்கை வரை, சட்டையோடு கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.