நிறுத்தாமல் ஏற்றிய கொடி

– ஏட்டி ரெஜிலா, நிறுத்தப்பிடாது கேட்டியா? ஏலமும் நடக்கணும், கொடியும் வரணும்.

– அப்பா, வெளிய முதல் வாழைக்குலைக்கு ஏலம் ஓடுது. துபாய்லயும் மஸ்கட்லயும் ஆளுவ போனைக் கையில வச்சுக்கிட்டு கேட்டுட்டு இருக்காவ. இப்பம் போயி சர்வர்ல கை வையின்னா எப்பிடி? இந்த அறுப்புப் பண்டிகை முடியட்டும். அடுத்த வருசம் கொடி போட்டுத் தாறேன்.

– அடுத்த வருசம் இந்தச் சபைக்கு நான் செயலாளரோ, ஜான்ரோஸ் செயலாளரோ! போன்ல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அவனவன் இருக்க நாட்டுக் கொடி வைக்கக் கட்டம் போட்டாச்சு. எல்லாம் பல்லு போன வாய் மாதிரி காலியா கிடக்கு. ஏலம் கூவுகேன்னு மைக்கைப் புடிச்சுக்கிட்டு ஜான்ரோஸ் என்ன சொன்னான், கேட்டியா?

– என்ன சொன்னாரு?

– “மாப்பிள்ளை துபாய்லேருந்து கேக்காராம், நாமளும் நம்பிக்கிடுவோம்”னு இளிக்கான். எனக்க மருமகனப் பாத்து!

– இன்னும் மருமகன் ஆகல்ல.

– ஆகுவான். ஜெஸ்பின் குலையப் புடிச்சு நம்ம வீட்டுக்கு அனுப்புவான். குலை வீடு வந்தா சம்மதம்னு அர்த்தம். அடுத்த ஞாயிறு ஆராதனையில உங்க ரெண்டு பேருக்கும் கல்யாண ஓலை வாசிப்பு. நம்ம சபையில காலங்காலமா இப்பிடியாக்கும்.

– குலை கைவிட்டுப் போச்சுன்னா?

– வாயக் கழுவு. போச்சுன்னா அடுத்த அறுப்புப் பண்டிகை வரைக்கும் ஓலை கிடையாது. ஏட்டி, நான் தொண்டை கிழியப் பேசுகேன், நீ போனை நோண்டுதியா?

– ஆபீஸ் மெசேஜ்ப்பா.

– ஞாயித்துக்கிழமை என்ன ஆபீஸ்? இந்தா பாரு, திரும்பவும் அந்த சாராள் ஏத்திட்டா! ஜெஸ்பின் கேட்ட சூடு ஆறும் முன்ன ஏத்துகா. யாருட்டி இவ?

– பேரு பதிஞ்சவ யாரு வேணும்னாலும் கேக்கலாம்னு கமிட்டியில தீர்மானம் போட்டது நீங்கதான்.

– குவைத்துல இருக்க எவளோ ஒருத்தியா இருக்கும். வாழைக்குலையக் காணாதவ. கொடி வந்தா அதுவும் தெரிஞ்சிரும். போடு மக்ளே.

– போன வருசம் பலாப்பழ ஏலத்துல சர்வர் நின்னது ஞாபகம் இருக்குல்லா?

– அத ஏன் கிளறுக? “செயலாளர் தோக்கப் போற நேரமாட்டு சுவிச்ச அமத்திட்டான்”னு சொல்லி அடுத்த சபைக்குப் போன ஜாஸ்பர் இன்னும் திரும்பல்ல. அவனுக்க பின்னால பொண்டாட்டியும் போனா, கொயர்ல நல்லாப் பாடுற ஒரே ஆளு அவளாக்கும். அதுக்குத்தான் நிறுத்தாம போடுன்னு சொல்லுகேன். ஓடுற சர்வரை நிறுத்தாம புதுசா ஒரு துண்டைச் சொருகலாம்னு, மீன் கறியப் பிசைஞ்சுக்கிட்டே பெருமையடிச்சது யாரு?

– நான்தான். எனக்க வாய்க்கு இது வேணும்.

– பின்ன சொருகு.

– செரி, மொதல்ல கேளுங்க. சர்வருக்கு எல்லா வேலையும் தன்னால தெரியாது. ஒரு வேலைக்கு ஒரு மாட்யூல். இந்த மாட்யூல் என்ன செய்யும்னா…

– எனக்குப் பாடம் எடுக்காத. கொடி வருமா, வராதா?

– வரும்.

– அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

– நான் சொல்லுறதக் கேட்டுட்டாவது…

– போடுட்டி!

– போடுகேன். அப்புறம் என்ன ஏசப்பிடாது.

– ஓய் செயலாளரே! குருக்களுக்க அறைக்குள்ள அப்பனும் மகளும் கதவச் சாத்திட்டு என்னவாக்கும் ஜெபம்?

– நீரு மைக்கை விட்டுட்டு இஞ்ச எதுக்கு வந்தீரு ஜான்ரோஸ்?

– தண்ணி குடிக்க வந்தேன். உமக்க துபாய் மருமகன் ஒரு வார்த்தை கேக்கான், அந்த சாராள் ஒரு வார்த்தை கேக்கா. நடுவுல கூவிக்கூவி எனக்கு நாக்குத் தள்ளுது. நான் ஒண்ணும் சொல்லல்ல பாத்துக்கிடும். ஆனா துபாய் வெயில்ல நிக்கவனுக்கு வாழைக்குலை மேல இம்புட்டு ஆசை வருமான்னு பெண்டுகள் பேசிக்கிடுகாவ.

– இன்னும் கொஞ்ச நேரத்துல அவனுக்க பேருக்குப் பக்கத்துல துபாய்க் கொடி பறக்கும். அதப் பாத்துட்டுப் பேசும். போவும்!

– பறக்கட்டும், பறக்கட்டும். ரெஜிலா மக்ளே, எனக்க மகன் சுபினுக்கும் ஒரு கொடி உண்டுல்லா? மஸ்கட்ல இருந்து அவனும் ரெண்டு தரம் கேட்டான்.

– உண்டு மாமா. எல்லாருக்கும் உண்டு.

– போயிட்டான். சவத்துப் பய. மக்ளே, இது என்ன, செவப்பு எழுத்தா வருது?

– ஏறமாட்டேங்குது. இந்த மாட்யூலை வேற பதிப்புக்குன்னு கட்டியிருக்காவ. நம்ம சர்வர் வேற பதிப்பு.

– ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதானே?

– பேரு ஒண்ணுதான். ஆனா பதிப்பு துளி மாறினாலும் உள்ள விடாது.

– ஓ, நம்ம ஆளுவ மாதிரி! அதே வேதம், அதே பாட்டு. மிஷன் மாறிப்போச்சுன்னா பொண்ணு குடுக்க முகத்தைச் சுளிப்பான்.

– அப்பிடி ஒரு மாப்பிள்ளை வந்தா நீங்க என்ன செய்வீங்க?

– நம்ம சபையில வச்சே திடப்படுத்தல் குடுத்து, நம்ம ஆளாக்கிச் சேத்துக்கிடுவோம்.

– அதத்தான் நானும் செய்யப்போறேன். நம்ம சர்வருக்க பதிப்ப வச்சே இந்த மாட்யூலைப் புதுசா கட்டி எடுக்கேன்.

– அதுக்குள்ள ஏலம் படுத்திராதே?

– படுக்காது. ஏத்துறதுக்கு முந்தி சோதிச்சுப் பாத்தேன்லா? சோதனையில தோத்தது வாசல்லயே நிக்கும். உள்ள நடக்க ஏலத்துக்கு அது வந்து நின்னதே தெரியாது.

– சோதிக்காம ஏத்துனா?

– பலாப்பழம்.

– நல்லா சோதி மக்ளே, பொறுமையா சோதி. ஆனா போனைக் கீழ வை! இந்தா, மறுபடியும் சாராள் ஏத்திட்டா. நீ போன எடுத்தாலே அவ ஏத்துகா, என்ன எளவு ராசியோ!

– கட்டி முடிஞ்சுது. சோதனையும் பாஸ். இப்பம் மாட்யூலை ஏத்துன்னு மேல ஒரு வரி எழுதிட்டு, திரும்ப ஒருதரம் வாசின்னு சர்வர்கிட்ட சொல்லணும்.

– வாசிக்க நேரம் ஏலம் நிக்காதா?

– கொயர்ல புது ஆளுவ வந்தா என்ன செய்வீங்க? பாட்டை நடுவுல நிறுத்துவீங்களா?

– நிறுத்துனா குருக்கள் என்ன நிறுத்திருவாரு.

– அதேதான். பழைய ஆளுவ கையில இருக்க பாட்டை முடிச்சுட்டுத்தான் உக்காருவாவ. அடுத்த பாட்டைப் புது ஆளுவ எந்திரிச்சு எடுத்திருவாவ. ஜனத்துக்குப் பாட்டு மட்டும்தான் கேக்கும். ஆளு மாறுனது தெரியாது. அடிக்கட்டா?

– ஜெபம் பண்ணிட்டு அடி.

– அடிச்சாச்சு.

– ஏலம்?

– காதைத் தீட்டிக் கேளுங்க. மாமா கூவிட்டுத்தான் இருக்காரு.

– கொள்ளாம்! எனக்க மகளாக்கும்! இந்தா, ஒண்ணொண்ணா வருதே… சுபினுக்கு ஓமன் கொடி. குவைத் நேசபாய்க்குக் குவைத் கொடி. சாராளுக்கு… இந்தியாவா? உள்ளூர்க்காரிக்கா இம்புட்டுத் திமிரு? போகட்டும். ஜெஸ்பினுக்கு… ஏட்டி.

– என்னப்பா?

– இவனுக்கும் இந்தியாக் கொடி வருதே!

– ஆமா. இந்தியாதான்.

– ஒனக்க மாட்யூலுக்குப் பிராந்து புடிச்சிருக்கு.

– சுபினுக்குச் செரியா சொல்லுது, நேசபாய் மாமிக்குச் செரியா சொல்லுது, இவருக்கு மட்டும் பிராந்தா?

– அவன் பேரு பதியும்போது துபாய்னுல்லா எழுதியிருக்கான்! எனக்க கண்ணால பாத்தேன்!

– எழுதிக் குடுத்தத யாரு பாக்கா? ஒவ்வொரு நெட் லைனுக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பர் எந்த நாட்டுலேருந்து வருதோ, அந்தக் கொடி. இதத்தான் சொல்ல வந்தேன், பாடம் எடுக்காதேன்னு வாயை அடைச்சிய.

– அது தெரிஞ்சிருந்தா நான் கொடி கேட்டிருப்பேனா?

– தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டியளா?

– என்னட்டி முறைக்க?

– அப்பா. அவரு இஞ்சதான் இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும்.

– நான் எப்பம் சொன்னேன்?

– இப்பம் சொன்னிய.

– எடுத்திரு மக்ளே. அந்தக் கொடிய மொதல்ல எடு. ஏத்துன மாதிரி எறக்கவும் செய்யலாம்லா?

– எறக்கலாம். ஒரு வரிய அழிச்சா போதும். ஆனா சபை முத்தத்துல அத்தனை பேரும் போனைத் தொறந்து வச்சிருக்காவ. அவங்களுக்க கண்ணுலேருந்து எறக்க எனக்கு மாட்யூல் இல்ல. எங்க இருக்காரு ஜெஸ்பின்?

– குலசேகரத்துல.

– எவ்வளவு நாளா?

– மழைக்கு முந்தியே வந்துட்டான். துபாய் வேலைய விட்டுட்டு, அவனுக்க அப்பனுக்க ரப்பர் விளையில ஷீட்டு அடிக்கான். புகைப்புரை ஒண்ணு புதுசா கட்டியிருக்கான். இனி திரும்பிப் போக மாட்டானாம். அவனுக்க மேல குத்தம் சொல்லாத. பொண்ணுகிட்ட உள்ளத சொல்லணும்னுதான் அவன் துடிச்சான். நான்தான், ஓலை வாசிக்கட்டும், அப்புறமாட்டு சொல்லலாம்னு அமுக்கி வச்சேன்.

– எதுக்கு?

– உள்ளூர்க்காரன்னா நீ சம்மதிக்க மாட்டியே! மார்த்தாண்டத்துலேருந்து அந்த வாத்தியார் பயன் வந்தப்பம் மூஞ்சியத் திருப்பினியே!

– கல்யாணம் கழிஞ்சா வேலைய விட்டுறணும்னு அவன் சொன்னான். அதுக்குத் திருப்பினேன். மார்த்தாண்டத்துக்குத் திருப்பல்ல!

– அத அப்பமே சொல்லப்பிடாதா?

– கேட்டியளா? அப்பா, ஜெஸ்பின்கிட்ட எனக்குப் புடிக்காதது ஒண்ணே ஒண்ணுதான். துபாய். வீடியோல அவரு சிரிக்கும்போது, எளவு, நல்லாத்தான் இருக்கு மனுசன்னு தோணும். உடனே, இவரு பின்னால போயி ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள்ள கிடக்கணுமேன்னு நினைச்சு வீடியோவை அமத்திருவேன். நீங்க பேச்சு முடியும் முன்னயே சபை முழுக்க மிட்டாய் குடுத்துட்டிய. அதுக்குப் பொறவு நான் எங்க வாயத் தொறக்க?

– அப்பம்… ஷீட்டு அடிக்கவன்னா சம்மதமா? ரப்பர் ஷீட்டு நாறும், பாத்துக்க.

– துபாயை விட ஷீட்டு நாத்தம் மேல்.

– எனக்க கர்த்தரே! இதுக்கா நான் இம்புட்டுப் பொய் சொன்னேன்! பின்ன என்ன, அவன் குலையப் புடிச்சா எல்லாம் மங்களம். ஏட்டி, மைக்குல என்ன சொல்லுகான்?

– முதல் குலை, செந்துளுவன்! சாராளுக்கு ஒருதரம்!

– ஐயோ! ஜெஸ்பின் ஏன் ஏத்தாம இருக்காரு?

– கொடியப் பாத்துட்டான், அதான். போனைத் தூரப் போட்டிருப்பான்.

– கூப்பிடுங்கப்பா! கேக்கச் சொல்லுங்க!

– அடிச்சுட்டுத்தான் இருக்கேன். எடுக்கமாட்டேங்கான்!

– சாராளுக்கு ரெண்டுதரம்!

– அப்பா, கேட்டத வேண்டாம்னு திரும்ப வாங்க முடியாதா?

– சபை ஏலத்துல கேட்ட வாக்கு கேட்டதாக்கும். அத அந்தச் சாராள்லா நினைக்கணும், ஒனக்கு என்ன?

– சும்மா கேட்டேன்.

– சாராளுக்கு மூணுதரம்! குலை முடிஞ்சுது!

– போச்சு. ஓலை போச்சு. ஒரு வருசம் போச்சு. எல்லாம் அந்த நாசமாப்போன சாராள்! அவ நல்லா இருப்பாளா?

– அப்பிடி ஏசாதீங்கப்பா.

– ஏசாம? கையில கிடைச்சா அவளை…

– ஓய் செயலாளரே, கொடி நல்லாப் பறக்கு! துபாய் இப்பம் நம்ம நாட்டுலயா இருக்கு? நான் ஒண்ணும் சொல்லல்ல. அது கிடக்கட்டும். வண்டிக்காரன் குலைய ஏத்திட்டு நிக்கான். சாராள்னு கூப்பிட்டா முத்தத்துல ஒருத்தியும் எந்திரிக்கல்ல. யாரவ? குலைய எந்த வீட்டுக்கு அனுப்ப?

– குலசேகரத்துக்கு, மாமா. ஜெஸ்பின் வீட்டுல எறக்கிட்டு, சாராள்னு சொல்லாண்டாம், ரெஜிலா அனுப்புனான்னு சொல்லச் சொல்லுங்க.