லெட்டர்ல இருந்த பொண்ணு

பையக் கீழ வச்சிட்டு உக்காரு தம்பி. மெதுவா வை. இரும்பு தரையில பட்டா தெருவுக்கே கேக்கும். உள்ள என்னன்னு நான் கேட்டேனா? கேக்கல. ஆறு வருஷமா இந்த மாடிப்படிக்குக் கீழ ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்கேன். பைக்குள்ள பைல் வச்சிருக்கவன் அத நெஞ்சோட சேத்துப் பிடிச்சிக்கிட்டு வருவான். கம்பி வச்சிருக்கவன் தொடையோட ஒட்டித் தொங்க விட்டுக்கிட்டு வருவான். நீ ரெண்டாவது ரகம்.

அட, எந்திரிக்காத. உக்காருன்னுதானே சொன்னேன், போலீஸக் கூப்பிடுறேன்னா சொன்னேன்? வாட்ச்மேன்னா உடனே விசில் ஊதிடுவான்னு நெனச்சியா? எனக்கு விசிலே தரல. சட்டையும் தொப்பியும்தான் தந்தாங்க. அந்தத் தொப்பியும் காதுக்குக் கீழ எறங்குது.

இப்ப மேல போனா கதவு தொறக்காது. ஒரு மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் சார் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு சாப்பிடுவாரு. சாப்பிட்டுக் கோட்டோடயே சாஞ்சு ஒரு தூக்கம். இந்த வெயில்ல ஊரே சட்டையக் கழட்டிட்டு நிக்குது, இவரு மட்டும் கோட்டு. அதனாலதான் எல்லாரும் கோட்டு சார்ங்கிறாங்க. விசா வாங்கித் தர்றவரு நம்மள மாதிரி இருந்தா யாரு நம்புவா சொல்லு.

உனக்கென்ன, ரிஜெக்டா? எத்தன வருஷம் தடை போட்டாங்க? அஞ்சா. அதுக்கு நடுவுல அந்த நாட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க முடியாது. வெல்டர்தானே நீ? கையில பொறி பட்ட தழும்பு இருக்கே. அங்க உனக்கு வச்சிருந்த வேலைய வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்களா? குடுக்கத்தான் செய்வாங்க.

மணி ஒண்ணே கால்தான் ஆகுது. சும்மா உக்காந்து பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்குறதுக்கு நான் சொல்றதக் கேளு. நீ மொத ஆளு இல்ல. எனக்குத் தெரிஞ்சு அவர அடிக்கன்னு இந்தப் படியில ஏறுனவங்க எட்டுப் பேரு.

நான் இங்க உக்காந்தப்புறம் மொதல்ல வந்தவன் சலூன்காரன். சவரக் கத்திய மடிச்சு இடுப்புல சொருகிட்டு வந்தான். நாள் பூரா அடுத்தவன் கழுத்துல கத்தி வைக்கிறவன் தம்பி. ஒரு கீறல் விழாம வைக்கிறவன். அன்னிக்குப் பாத்து, கத்திய விரிக்கும்போதே சொந்த உள்ளங்கையக் கிழிச்சிக்கிட்டான். மேல ஒண்ணும் நடக்கல. கீழ எறங்கி வரும்போது படிக்குப் படி ரத்தம். நான்தான் வாளியில தண்ணி ஊத்திக் கழுவுனேன். ரத்தம் காய்ஞ்சு போச்சுன்னா சிமெண்டுல இருந்து சீக்கிரம் போகாது, தெரியுமா? தென்னந்தொடப்பம் வேணும்.

அப்புறம் ஒரு லாரி டிரைவர். ஆளப் பாத்தா எருமைக்கடா. ஆனா தெருவுல நின்னு பத்து நிமிஷம் கத்துனான். உன்னக் கொல்லாம விட மாட்டேன், உன் குடும்பத்த விட மாட்டேன்னு. கத்தி முடிக்கிறதுக்குள்ள மேல தாழ்ப்பாள் விழுந்திருச்சு. கண்ணாடிய ஒடச்சான், அவ்வளவுதான். போலீஸு வந்து நாலு பேரா ஏறி மிதிச்சு இழுத்துட்டுப் போனாங்க. காது கேக்காமப் போச்சாம் ஒரு பக்கம். நீ கத்தல. அது நல்லது.

ஒழுங்கா அடிச்சதுன்னு பாத்தா ஒரே ஒரு ஆளுதான். நர்ஸு. இந்த உசரம்தான் இருக்கும் அந்தப் பொண்ணு. கையில ஒண்ணும் கொண்டு வரல. மேஜையில கிடந்த பஞ்சிங் மிஷின், பேப்பர்ல ஓட்ட போடுறது, அத எடுத்து ஒரே போடு. வாயில. ஒரு பல்லு வந்து அந்தப் பொண்ணோட சேலையில விழுந்துச்சாம். அதத் தட்டி விட்டுட்டு, கொண்டைய முடிஞ்சிக்கிட்டே எறங்கிப் போச்சு. எங்கிட்ட, வர்றேன் அண்ணேன்னு சொல்லிட்டு வேற போச்சு! பத்து நாளு கழிச்சு அவன் புதுப் பல்லு கட்டிட்டு வந்துட்டான். மேல் வரிசையில நடுவுல, மத்ததவிட வெள்ளையா. பாத்திருப்பியே.

அவன்னு சொல்லிட்டேனா? சொன்னா என்ன. மேல கேக்காது.

நான் சொல்ல வர்றது என்னன்னா, அந்த மேஜை அகலம். கண்ணாடி போட்ட மேஜை. அவன் அந்தப் பக்கம் உக்காந்திருப்பான், நீ இந்தப் பக்கம் நிப்ப. உன் கம்பி எவ்வளவு நீளம்? முழங்கை அளவா? எட்டாது. கண்ணாடிதான் ஒடையும். அவன எந்திரிக்க வைக்கணும். அவன் யாரு வந்தாலும் எந்திரிக்க மாட்டான். மந்திரியே வந்தாலும் மாட்டான். ஆனா பாஸ்போர்ட்ட நீட்டுனா எந்திரிப்பான். எந்திரிச்சு, குனிஞ்சு, ரெண்டு கையாலயும் வாங்குவான். தொழில் பழக்கம் அது. அந்த நேரத்துல அவன் கை ரெண்டும் உங்கிட்ட, தல முன்னாடி. உன் பாஸ்போர்ட்ட இடது கையில வச்சுக்கோ.

தோள்ல அடிக்காத. கோட்டுக்குள்ள பஞ்சு வச்சுத் தச்சிருக்கான். ஒரு கொத்தனார் வந்து தோள்லயே நாலு அடி அடிச்சான். வேர்த்ததுதான் மிச்சம்.

ஏன் அப்படிப் பாக்குற? தடுக்கத்தான் உக்கார வச்சேன்னு நெனச்சியா?

சரி, நான் ஒண்ணு கேக்குறேன், நீ சொல்லு. உனக்கு எத்தன புள்ளைங்க? கல்யாணமே ஆகலையா. ஆனா உன்னோட லெட்டர்ல உனக்கு ஒரு பொண்ணு இருந்திருக்குமே. மூணு வயசு. பொறந்ததுல இருந்தே கால்ல ஊனம். வலது காலு. அடுத்த வருஷம் ஆபரேஷன். நான் பக்கத்துல இருந்தே ஆகணும், அதனால கட்டாயம் திரும்பி வந்துடுவேன்னு எழுதியிருக்குமே?

வாய மூடு, ஈ போயிடப் போகுது. எனக்கு எப்படித் தெரியும்னா, அந்தப் பொண்ணு என் பேத்தி.

வெளையாடுறேன்னு நெனைக்காத. கேளு.

விசா குடுக்குறவன் ஒண்ணே ஒண்ணுதான் பாப்பான், இவன் போனா திரும்பி வருவானா மாட்டானான்னு. ஊர்ல பொண்டாட்டி புள்ள இருந்தா வருவான். ரொம்ப வருஷத்துக்கு முன்ன எவனோ ஒரு தகப்பன், நிசமாவே அப்படி ஒரு பொண்ணு வச்சிருந்தவன், மேல இருக்கவன்கிட்ட வந்திருக்கான். அவனுக்கு எழுதுன லெட்டரப் பாத்து அங்க இருக்கவன் கண்ணு கலங்கி விசா அடிச்சுக் குடுத்துட்டான். அன்னையில இருந்து இவனுக்கு அதுதான் ராசியான லெட்டர். மேல பேர மட்டும் மாத்துவான். நீங்க போடுற கையெழுத்து அதுக்குக் கீழதான். வேத்துப் பாஷை, எவன் படிக்கிறான்? இங்க போடு, இங்க போடுன்னு விரல வச்சுக் காட்டுவான், போட்டுடுவீங்க. போட்டதானே நீயும்?

என் பையனும் போட்டான். ஏழு வருஷம் ஆச்சு. நான் அப்ப மரக்கடையில கட்டை தூக்கிட்டு இருந்தேன். அவன் குளிர்பெட்டி ரிப்பேர் பண்ணுவான், கெட்டிக்காரன். இன்டர்வியூவுல அந்த அதிகாரி சிரிச்சிக்கிட்டே கேட்டிருக்கான், உங்க பொண்ணு காலு இப்ப எப்படி இருக்குன்னு. எந்தப் பொண்ணு சார்னு இவன் கேட்டிருக்கான். முடிஞ்சு போச்சு. பொய்த் தகவல்னு முத்திர குத்தி, லெட்டரையும் சேத்து வச்சு அனுப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்தான். கெடைக்கலப்பான்னான், படுத்துட்டான். கவர் மேஜையில கிடந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. எம் பேர எழுதுவேன், பஸ் நம்பர் பாப்பேன். எடுத்துட்டுப் போயி மருந்துக்கடைக்காரர்கிட்டக் குடுத்தேன். அவரு கடையில ஆறேழு பேரு நிக்கிறப்ப நம்ம பாஷையில மாத்திச் சத்தமா வாசிக்கிறாரு. பொண்டாட்டி இருக்காளாம், மூணு வயசுல ஊனமான பொண்ணு இருக்காளாம். என்னங்க, தாத்தா ஆயிட்டீங்க, சொல்லவே இல்லன்னு ஒருத்தன் கேக்குறான். எல்லாரும் சிரிக்கிறாங்க.

எனக்குக் கண்ணு இருட்டிட்டு வந்துச்சு தம்பி. கல்யாணத்த மறச்சான்னாகூட விட்டுருப்பேன். நடக்க முடியாத ஒரு கொழந்தைய எங்கயோ போட்டுட்டு, கமுக்கமா வெளிநாட்டுக்கு ஓடப் பாத்திருக்கானேன்னு. அச்சடிச்ச காகிதம், கீழ அவன் கையெழுத்து, மேல அரசாங்க முத்திர. அது பொய் சொல்லும்னு எனக்கு யாரு சொன்னா?

அவன் சொன்னான். இல்லப்பா, சத்தியமா இல்லப்பா, அந்த ஆளு எழுதுனதுன்னு. நான் காதுல வாங்கல. அவன் அம்மா நடுவுல வந்தா, அவளையும் தள்ளி விட்டேன், செவுத்துல போயி மோதுனா. அதோட அவ பேசுறத விட்டவதான். சாகுற வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த இல்ல.

மறுநா விடியறப்ப அவன் வீட்டுல இல்ல. நாலு நாளு கழிச்சு படகுல ஏறிட்டான்னு சொன்னாங்க. விசா இல்லாம கூட்டிட்டுப் போற படகு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்தப் பொண்ணத் தேடுனேன். ஒரு வருஷம். ஊர்ல இருக்க ஒரு ஆஸ்பத்திரி விடல, ஒரு அனாதை இல்லம் விடல. மூணு வயசு, வலது காலு, பாத்தீங்களான்னு. ஒரு எடத்துல அப்படியே ஒரு புள்ள இருந்துச்சு. தூக்கிட்டு வந்துடலாம்னு போயிட்டேன், அதோட அப்பன்காரன் என்னப் பிடிச்சுத் தள்ளி மூக்க ஒடச்சான். இந்தா பாரு, இன்னும் கோணலாத்தான் இருக்கு.

அப்புறம் மரக்கடைக்கு ஒரு தச்சன் வந்தான். பலகைய எழைச்சுக்கிட்டே சொல்லிச் சிரிக்கிறான், அண்ணே, எனக்கே தெரியாம எனக்கு ஒரு பொண்ணு இருக்காண்ணே, பாவம் காலு சரியில்லையாம், அதனால விசா போச்சுன்னு. அவனுக்கு அப்ப இருபது வயசு. உளி என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு. அத எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்தேன்.

நான்தான் அந்த எட்டுப் பேர்ல மொத ஆளு.

மேல போனேன். கதவத் தொறந்தேன். அவன் தலையத் தூக்கிப் பாத்துட்டு, வாட்ச்மேன் வேலைக்கு வந்தவரா, உக்காருங்க பெரியவரேன்னான். உளி முதுகுக்குப் பின்னாடி இருக்கு. கைய ஓங்கணும், அவ்வளவுதான். கை வரல. ஓங்கப் போனாலே ஒரு சத்தம் கேக்குது, காஞ்ச குச்சி முறியுற மாதிரி. ஆமா சார், வேலைக்குத்தான்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறமும் நாலு தடவ போயிட்டேன். அதே சத்தம். அதான் உக்காந்திருக்கேன். கை வர்ற ஒருத்தன் வருவான்னு.

படகா? படகு கவுந்துருச்சு. நடுக்கடல்ல இல்ல, கரையில வெளக்கு தெரியுற தூரத்துல. பதினாலு பேர்ல ஒம்பது பேரு நீந்திக் கரை ஏறிட்டாங்க. ஏறுன ஒருத்தன் ஊருக்குத் திரும்பி வந்து எங்கிட்டச் சொன்னான். என் பையன் அவங்க எல்லாரையும்விட நல்லா நீந்துவான் தம்பி. ஆத்துல அக்கரைக்குப் போயி மூச்சு வாங்காமத் திரும்பி வருவான். ஆனா கையில மாவுக்கட்டு. நனைஞ்சு ஊறி, கல்லு மாதிரி கீழ இழுத்திருக்கு. ஒத்தக் கையால எவ்வளவு தூரம் அடிப்பான்?

லெட்டர வாசிச்சுக் கேட்ட அன்னிக்கு நான் அவனத் தண்ணிப் பைப்புத் துண்டால அடிச்சேன். கொழந்த எங்கடா, கொழந்த எங்கடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். மூணாவது அடியத் தடுக்க இடது கைய நீட்டுனான். அந்தச் சத்தம்தான் இன்னமும் கேக்குது.

மேல தாழ்ப்பாள் எடுக்குற சத்தம் கேக்குதா? முழிச்சுட்டான். டைப் அடிக்கிற பொண்ணு ரெண்டரைக்குத்தான் வரும், அதுக்குள்ள போயிட்டு வந்துடு, அதுமேல ஒண்ணும் படக் கூடாது. எந்திரி. பாஸ்போர்ட் இடது கையில. கம்பியில துணி சுத்திக்கோ, வேர்வையில வழுக்கும்.

எறங்கி வரும்போது நான் இதே ஸ்டூல்லதான் உக்காந்திருப்பேன். ஓட மாட்டேன், சத்தம் போட மாட்டேன். அவனுக்கு எங்க வேணா போடு, உன் இஷ்டம். எனக்கு மட்டும் மொதல்ல இடது கையில போடு. இங்க, மணிக்கட்டுல இருந்து நாலு விரல் தள்ளி. அப்புறம் தலையில.